கறளைப் பார்த்து வாங்குங்கள், பொலிஷைப் பார்த்து அல்ல: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லப் போய், என் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனரைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கார்க் கடிதம். காணிப் பத்திரமும் கத்தரிக்குப் பூச்சியும் கேட்டவர்கள் குறை நினைக்க வேண்டாம், அடுத்த இதழ் உங்களுக்கு.

*கேள்வி: ஐயா, நான் பள்ளிக்கூட ஆசிரியர், வயது 34. பழைய கார் ஒன்றைத் திருத்தி வைத்திருக்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. பெரிய காசு இல்லை, கடன்படவும் விருப்பமில்லை. எந்தக் கார் சரிவரும்? அந்தக் காசுக்கு ஒரு பழைய ஓல்டோ வாங்கலாமே என்கிறா மனைவி. (மாங்குளம் வாசகர்)*

பதில்: தம்பி, வீட்டில் வேறு வாகனமே இல்லை என்றால் மனைவி சொல்வதுதான் சரி. நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓட 60 வயதுக் காரை நம்பி இருக்கக் கூடாது. மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது, இது இரண்டாவது வாகனம், ஞாயிற்றுக்கிழமைக் கார் என்றால் மேலே வாசியுங்கள்.

என் விடை மொறிஸ் மைனர். சொந்தக் காரைப் புகழ்கிறேன் என்று நினைப்பீர்கள், கொஞ்சம் அதுவும் உண்டுதான். ஆனால் காரணம் வேறு. பழைய காரில் மலிவு என்பது வாங்கும் விலையில் இல்லை. உங்களுக்குக் கிட்ட இருக்கிற மெக்கானிக் அதைத் திறந்தால் அவருக்கு விளங்க வேண்டும், உடைந்த சாமானை லேத்தில் கொடுத்துக் கடையலாம் என்றிருக்க வேண்டும், கடைய முடியாத சாமான் உலகத்தில் எங்காவது இன்னும் செய்யப்பட வேண்டும். இந்த மூன்றும் பொருந்துகிற கார்தான் மலிவான கார். மைனருக்கு மூன்றும் பொருந்துகிறது.

1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த கார் இது. பிறகு மினி காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ்தான் இதையும் செய்தவர். மாதிரிக் கார் ஒல்லியாகத் தெரிகிறது என்று அதை நடுவால் நெடுக்காக வெட்டுவித்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினாராம். பொனற்றின் நடுவில் பட்டையாக ஒரு மேடு ஓடுகிறதே, அது அந்த வெட்டின் தழும்பு. கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் காரைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. முட்டையை உடைத்து ஊற்றி அவித்த மாதிரி இருக்கிறது என்று சொன்னவர். அந்த முட்டை 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் விற்றது. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். அத்தனை கார் ஓடியதால்தான் இன்றைக்கும் இங்கிலாந்தில் சாமான் செய்கிறார்கள். 1990களில் எங்கள் தென்னிலங்கையிலேயே மைனருக்குத் தகரப் பாகங்கள் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலை ஒன்று இருந்தது.

வாங்கும்போது ஆண்டைக் கவனியுங்கள். முன்கண்ணாடி நடுவால் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது. அதிலும் ஆகப் பழையதில் 918 சி.சி. பக்கவால்வு எஞ்சின், 1952க்குப் பிறகு 803. பார்க்க வடிவு, ஏற்றத்தில் அழும். 1956இல் ஒற்றைக் கண்ணாடியோடு 948 சி.சி. வந்தது, 1962இல் 1098 ஆனது. முதல் தடவை வாங்குகிறவருக்கு 948 அல்லது 1098 போதும். என்னுடையது 948. ஏ9 வீதியில் 60, 65இல் சத்தமில்லாமல் போகும், லீற்றருக்குப் 12, 13 கிலோமீற்றர் தருகிறது. பின்னால் வருகிற பஸ்காரன் ஹோன் அடிப்பான். அடிக்கட்டும்.

ஏ போட்டி, அதாவது ஒஸ்டின் ஏ40 கார், எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பத்துப் பேர் கேட்பீர்கள் என்று தெரியும். அது உறுதியான கார், அதன் டெவன், சமர்செற் வகைகளில் தனி இரும்புச் சட்டத்தின் மேல் பொடி (காரின் தகர உடம்பு) உட்கார்ந்திருக்கும், வெல்டிங்காரனுக்கு அது வசதி. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது, அதனால் விலையும் இருக்கிறது. கேம்பிறிட்ஜ் ஏ55 எடுத்தால் அதன் 1489 சி.சி. எஞ்சின் குடும்பம்தான் இந்திய அம்பாசிடரிலும் நெடுங்காலம் ஓடியது, அந்த வழியில் சாமான் தேடலாம். ஆனால் பெரிய கார், பெற்றோலும் அதற்கேற்ற மாதிரிக் குடிக்கும். வொக்ஸ்வாகன் ஆமைக் கார் நல்லதுதான், விற்கிறவர்கள் இப்போது தங்கம் விற்கிற மாதிரி விற்கிறார்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? எஞ்சினைப் பார்க்காதீர்கள். எஞ்சின் புகைக்கட்டும், ஓடாமலே கிடக்கட்டும், அதைக் கடைந்து கட்டலாம். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, பொடிதான் சட்டம். ஆகவே கறளைப் பாருங்கள். ஒரு கோணிச் சாக்கு, ஒரு திருப்புளி, சட்டைப் பையில் ஒரு காந்தம், இவ்வளவும் கொண்டு போங்கள். கதவுக்குக் கீழே ஓடுகிற படிப்பெட்டியில் காந்தத்தை வைத்து இழுத்துக்கொண்டு போக வேண்டும், நழுவி விழுகிற இடத்தில் தகரம் இல்லை, புட்டி. அப்புறம் சாக்கை விரித்துக் கீழே படுத்து, பின் ஸ்பிறிங் கொழுவுகிற இடத்தையும் முன் இருக்கைக்குக் கீழே குறுக்காக ஓடுகிற பெட்டியையும் திருப்புளியால் குத்துங்கள். நெடுங்கேணியில் ஒரு கார் பார்க்கப் போனேன், கண்ணாடி மாதிரி பெயின்ற், சொந்தக்காரர் தேத்தண்ணி வேறு தந்தார். கீழே படுத்துக் குத்தினால் திருப்புளி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுக்க, சிவப்பாகக் கொட்டியது கறளா நெடுங்கேணிப் புழுதியா என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே நிறம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வாங்குகிற விலை எவ்வளவோ அவ்வளவு காசு இன்னொரு மடங்கு தனியாகக் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். பாதி திருத்தின கார் கோழிக்கூடாகத்தான் முடியும், எங்கள் ஊரில் இரண்டு நிற்கின்றன.

*கேள்வி: மாமாவின் மைனர் 2009இலிருந்து மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கிடக்கிறது. மாமா இல்லை. புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. நான் திருத்தலாமா? (புதுக்குடியிருப்பு வாசகர்)*

பதில்: திருத்தலாம், ஆனால் முதல் செலவு திருப்புளிக்கு இல்லை, கொழும்பு பஸ்ஸுக்கு. வாகனப் பதிவுப் புத்தகம் யாருடைய பெயரில் கடைசியாக இருந்தது என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்து முதலில் எடுங்கள். இலக்கத் தகடும் இல்லாவிட்டால் பொடியில் அடித்திருக்கிற அடிச்சட்ட இலக்கத்தைத் தேடுங்கள், கம்பித் தூரிகையால் தேய்த்து, சோக்குக் கட்டியை மேலே பூசினால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். மாமாவின் பெயரில்தான் இருக்கிறது என்றால் மரணச் சான்றிதழ், உரித்தாளர்கள் யார், அவர்களுடைய சம்மதம், இதெல்லாம் ஒழுங்காகிய பிறகுதான் காருக்கு ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டும். மாமி இருக்கிறாவா? மச்சான்மார் வெளிநாட்டிலா? கார் கொட்டிலுக்குப் பின்னால் கறளாகக் கிடக்கிற வரைக்கும் ஒருவரும் கேட்க மாட்டார்கள், நீங்கள் பெயின்ற் அடித்து வாசலில் நிறுத்தின அன்றைக்குக் கனடாவிலிருந்து போன் வரும்.

முள்ளிவாய்க்காலில் வாகனங்கள் மலையாகக் குவிந்து கறள் பிடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அங்கேயிருந்து ஒன்று தப்பி வந்து கொட்டிலுக்குப் பின்னால் நிற்கிறதென்றால் அதை இரும்புக்காரனிடம் கொடுத்துவிடாதீர்கள். கடதாசி சரிவராவிட்டால் வீதியில் ஓட்ட முடியாது, ஆனால் கதவு, பம்பர், கியர்ப்பெட்டி எல்லாம் இன்னொரு மைனருக்கு உயிர். எனக்கு எழுதுங்கள்.

*கேள்வி: எங்கள் அப்பா தன்னுடைய மைனரை 1990கள் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடினவர். பொனற்றுக்குள் சலைன் போத்தல் கொழுவின கம்பி இன்னும் இருக்கிறது. இப்போது காரை முழுசாகத் திருத்துகிறோம். கம்பியை வெட்டி, துளைகளை அடைத்து, தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி ஆக்கினால்தான் மதிப்பு என்று திருத்துகிறவர் சொல்கிறார். அப்பாவுக்கு மனமில்லை. (விசுவமடு வாசகி)*

பதில்: பிள்ளை, அந்தக் கம்பியில் கை வைக்க விடாதீர்கள்.

இளம் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. வந்த மண்ணெண்ணெயும் அளவுக்குத்தான் வந்தது. புதுக் கார்கள் அதில் ஓடாது, அமுக்கம் கூடின எஞ்சின் மண்ணெண்ணெயில் தட்டத் தொடங்கிவிடும். மைனர், ஏ போட்டி மாதிரிப் பழசுகளுக்கு அமுக்கம் குறைவு, அதனால் தாங்கின. மைனரின் ஏ வரிசை எஞ்சினில் இன்னுமொரு வசதி: காற்றும் எண்ணெயும் உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நிற்கும். புகையின் சூட்டில் மேல்குழாய் காயும், அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகும். பெற்றோலுக்காக வைத்த ஒழுங்கு, வன்னியில் மண்ணெண்ணெய்க்கு உதவியது.

குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. அதற்குத்தான் சலைன் போத்தல். நாலு சொட்டுப் பெற்றோல், ரியூப் வழியாகக் காபரேட்டருக்கு. பற்றறி செத்திருக்கும், ஆகவே முன்னால் வேறொரு கம்பியைச் செருகி எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும், மைனருக்கு அந்தத் துளை தொழிற்சாலையிலேயே உண்டு. பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வீட்டு வாசலுக்கு வர முன்பு, ஒழுங்கை முகப்பிலேயே திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிவிடுவார் எங்கள் அப்பா, காபரேட்டருக்குள் நாளைக்குக் கிளம்பப் பெற்றோல் நிற்க வேண்டுமே. மறந்துபோய் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் அடுத்தநாள் காலை காபரேட்டரைக் கழற்ற வேண்டும். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை தரம் மறந்தவர் என்று.

ஆனால் திருத்துகிறவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: கம்பியை விட்டுவிட்டு எஞ்சினைத் திற. எரியாமல் மிஞ்சின மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டிக் கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும். அந்தக் காலத்தில் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைந்திருக்காது, கூடியிருக்கும். எங்கள் வீட்டில் அதைப் பார்த்து, நல்ல எஞ்சின், ஒயிலே குடிக்கவில்லை என்று சந்தோசப்பட்ட ஆட்கள் உண்டு. மெலிந்த ஒயிலில் பெயாரிங்குகள்தான் தேய்ந்தன. ஆகவே கிராங்கை அளக்க வேண்டும், வால்வுகளில் கட்டியாகப் பிடித்த கரியைச் சுரண்ட வேண்டும், ரிங் மாற்ற வேண்டும்.

மதிப்பு விஷயம்: தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரி மைனர் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. சலைன் கம்பி உள்ள மைனர் அங்கே ஒன்றும் கிடையாது.

*கேள்வி: என் மைனரில் புது ரேடியோ ஒன்று பூட்டினேன், புகை வந்து செத்துவிட்டது. கடைக்காரன் மாற்றித் தர மாட்டானாம். (வவுனியா வாசகர்)*

பதில்: கடைக்காரனில் பிழையில்லை. உங்கள் காரில் பற்றறியின் நேர்முனைதான் பொடியில் பூட்டியிருக்கும், இன்றைய கார்களுக்குத் தலைகீழ். ரேடியோ, போன் சார்ஜர், எல்.ஈ.டி. எது பூட்டுவதானாலும் முதலில் முழுக்காரையும் எதிர்முனைக்கு மாற்ற வேண்டும். பற்றறியைத் திருப்பி, டைனமோவுக்குத் திரும்பத் துருவம் கொடுத்து, இக்னிஷன் சுருளின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். தெரிந்த ஓட்டோ எலெக்ரீசியனுக்கு அரை நாள் வேலை. இல்லாவிட்டால் என்னைப் போல ரேடியோ இல்லாமல் ஓடுங்கள். கியர்ப்பெட்டியே முதல் கியரில் நன்றாகப் பாடும்.

*கேள்வி: ஈயம் இல்லாத பெற்றோல் பழைய எஞ்சினைத் தின்றுவிடும் என்கிறார்களே? (கிளிநொச்சி வாசகர்)*

பதில்: வால்வு உட்காருகிற இருக்கையைக் கொஞ்சம் தின்னும், அதுவும் மணிக்கணக்காக வேகமாக ஓடினால். நீங்கள் கிளிநொச்சியிலிருந்து பரந்தன் போய் வருவதற்கு ஒன்றும் ஆகாது. வால்வு இடைவெளியை அடிக்கடி பாருங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம். வெளியேற்று வால்வில் அந்த இடைவெளி திரும்பத் திரும்பச் சுருங்கிக்கொண்டு வந்தால் இருக்கை தேய்கிறது என்று அர்த்தம், அடுத்த தடவை எஞ்சின் தலையைக் கழற்றும்போது உருக்கு இருக்கை போட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சினுக்கு 92 பெற்றோலைக் கொடுத்துவிட்டுப் பயப்படுகிறோம் பாருங்கள்.

*கேள்வி: அடிக்கடி கவனிக்க வேண்டிய ஆபத்தான இடம் எது? (ஒட்டுசுட்டான் வாசகர்)*

பதில்: முன்சில்லு. இதை அனுபவத்தில் சொல்கிறேன், வெட்கத்தோடும் சொல்கிறேன். மைனரின் முன்சில்லு ஒரு புரியாணி மாதிரியான சாமானில் நிற்கிறது, ட்ரனியன் என்பார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஸ்ரியறிங் திரும்பும்போது அந்தப் புரிதான் திரும்பும். கிறீஸ் இல்லாவிட்டால் புரி தேயும், தேய்ந்து முடிந்த அன்றைக்குச் சில்லு உள்ளுக்குள் மடியும். மூன்று மழைக்காலம் கிறீஸ் அடிக்கவில்லை நான், நாளைக்கு நாளைக்கு என்று. முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, காரைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், பொனற் ஒரு பக்கம் சாய்ந்து முழங்காலில் இருந்தது. கச்சான் விற்கிற அம்மா, "தம்பி, அதுவும் கும்பிடுது" என்றா. திரும்பும் வேகத்தில் உடைந்தபடியால் சிரித்தோம். கனகராயன்குளத்துக்குக் கிட்ட 60இல் போகும்போது மடிந்திருந்தால் இந்தப் பகுதியை வேறு ஒருவர்தான் எழுதிக்கொண்டிருப்பார்.

இப்போது 1,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம், சில்லைத் தூக்கி வைத்து, பழைய கிறீஸ் கறுப்பாக வெளியே வந்து புதுசு தெரியும் வரைக்கும் அடிக்கிறேன். தூக்கினபடியே சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள், இதில் மட்டும் லேத் வேலை வேண்டாம், புதுச் சாமான் இங்கிலாந்திலிருந்து எடுப்பியுங்கள். பிறேக் ஒயில் ஊற்றுகிற மூடி சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே இருக்கிறது. கண்ணில் படாதபடியால் ஒருவரும் பார்ப்பதில்லை. ஒரு குழாயில் கசிந்தாலும் நாலு சில்லிலும் பிறேக் போகும் என்பதை மனதில் வைத்து அதையும் பாருங்கள்.

*கேள்வி: அப்பாவின் மைனரில் ஜப்பான் டீசல் எஞ்சின் இருக்கிறது. பழைய எஞ்சினுக்கு மாற்ற வேண்டுமா? (மல்லாவி வாசகர்)*

பதில்: ஓடுகிறதா, ஓடுங்கள். எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் மாற்றிப் பதியப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் இன்றைக்கே பாருங்கள். எங்காவது ஒரிஜினல் எஞ்சின் மலிவாக வந்தால் வாங்கி, ஒயில் ஊற்றிச் சாக்கால் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள்.

*கேள்வி: ‘ஸ்ரீ’ இல்லாத பழைய இலக்கம் உள்ள காருக்கு ஏன் கூட விலை சொல்கிறார்கள்? (வவுனியா வாசகர்)*

பதில்: இ.எல்., இ.என்., இ.வை. என்று தொடங்குகிற இலக்கங்கள் ஸ்ரீக்கு முந்தியவை, கார் எவ்வளவு பழசு என்பதற்குத் தகடே சாட்சி. அதனால் சேகரிக்கிறவர்கள் கூடக் கொடுப்பார்கள். எங்களுக்கு அதில் வேறு ஞாபகமும் உண்டு. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டுக்கு வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் அதைத் தாரால் அழித்துப் போராடினார்கள். என் கார் ஸ்ரீக் கார். ஆனாலும் தகட்டுக்காகக் கூடக் கொடுக்காதீர்கள், அந்தக் காசுக்கு நாலு ரயர் வரும்.

*கேள்வி: வாங்கி வைத்தால் பிறகு லாபத்துக்கு விற்கலாமா? (கிளிநொச்சி வாசகர்)*

பதில்: 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள், அந்த இடைக்காலத்தில் கறள் பிடித்ததெல்லாம் விலை ஏறியது. அந்தக் கணக்கை வைத்து இனியும் ஏறும் என்று நினைத்தால் நீங்கள் மாடு வாங்குங்கள், கன்றாவது போடும்.

*கேள்வி: கலியாணத்துக்கு வாடகைக்கு விடலாமா? என்ன நிறம் அடிக்கலாம்? (முல்லைத்தீவு வாசகி)*

பதில்: விடலாம் தங்கச்சி, காப்புறுதியில் வாடகைக்கு இடமிருக்கிறதா என்று கேட்டுவிட்டு. கறுப்பு வேண்டாம், ஆவணி வெயிலில் பொம்பிளை அவிந்துபோவாள். வெளிர்பச்சை இந்தக் காருக்குப் பழைய நிறம், செம்புழுதியிலும் நன்றாக நிற்கும். கடற்காற்று ஊரில் இருக்கிறீர்கள், ஆகவே வெளியே அடிக்கிற காசில் பாதியைக் கீழ்ப்பக்கத்துக்கு அடியுங்கள். 1961க்கு முந்திய காராக இருந்தால் கதவுக்குப் பின்னாலிருந்து கை மாதிரி எழும்புகிற சிக்னல் இருக்கும். அதைக் கழற்றிவிடாதீர்கள், வீதிக்குச் சாதாரண சிக்னல் லைற்றும் சேர்த்துப் பூட்டினால் போதும். முல்லைத்தீவுச் சந்தியில் திரும்பும்போது என்னுடையது பாதி எழும்பி நின்றுவிடும், உள்ளேயிருந்து தூணில் குத்த வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் குத்துக்காகவே காத்துக்கொண்டு நிற்கிறதுகள்.